அலைகரையில் ஏறிய விரால்

எங்கள் வீட்டில் குளத்து மீன் வாங்கும் வழக்கம் இருக்கவில்லை. லிங்கநகரில் எங்கள் ஒழுங்கையில் அநேகமாக யாருமே வாங்குவதில்லை. கடல் காலடியில் கிடக்கிற ஊரில் சேற்று மணம் அடிக்கிற மீனைச் சட்டியில் போடுவது ஒரு குறைச்சலாகவே எல்லோருக்கும் பட்டது. விரால்காரர் மரப்பெட்டி கட்டிய சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். வருத்தக்காரர் இருக்கிற வீட்டுப் படலை மட்டும் திறக்கும். திறந்தால் அந்த வீட்டில் யாருக்கோ சுகமில்லை என்று ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும்.

என் மகளுக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டிய ஆண்டில் விரால்காரர் வருவது நின்றுபோயிருந்தது. சண்டையால் மேற்கே குளங்களுக்குப் போகிற பாதைகளில் ஆமிக் காவலரண்கள் கூடியிருந்தன. அவர் ஏன் இனிமேல் சைக்கிள் மிதிக்கப் போகிறார்? கடலும் அப்படித்தான் இருந்தது. நேவி கொடுக்கிற பாஸ் உள்ளவர்கள் பகலில் மட்டும், கரை தெரிகிற தூரத்துக்குள் மட்டும் போய் வரலாம். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்ப அதுவும் குறைந்தது. சந்தைக்கு வந்தவை சூரையும் இறாலும் நண்டும்தான். அவையெல்லாம் கிரந்தி என்றாள் என் மனைவி. வெட்டுக்காயக்காரர் தின்றால் காயம் சீழ் வைக்கும். விரால் ஒன்றுதான் காயத்தைச் சேர்த்துவைக்கும். எதைக் கொடுத்தாலும் பரவாயில்லை, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டொக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன்.

"டொக்டருக்குப் பிள்ளை இல்லைப் போல" என்றாள்.

மகளுக்கு அப்போது பத்து வயது. காயத்தின் ஒரு மூலை ஆறாமல் நீர் கசிந்துகொண்டிருந்தது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊசி குத்தி நிறுத்தினோம். ஒரு கையால் வயிற்றைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, கூனிக்கூனி நடப்பாள். அந்த நடையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். ஓட வேண்டி வந்தால் இவளை எப்படிக் கொண்டு ஓடுவது? அந்தக் காலத்தில் பிள்ளை சுகமாயிருக்கிறது என்றால் ஓடக்கூடிய நிலையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். வேறு ஊர்ப் பெற்றோர் பிள்ளையின் நிறையைப் பார்ப்பார்கள், பசியைப் பார்ப்பார்கள். நாங்கள் காலைப் பார்த்தோம்.

என் மனைவியின் சித்தி மகன் சல்லியில் கடற்தொழில் செய்கிறவன். அந்த நாட்களில் அவனுக்குப் பாஸ் இல்லை. வள்ளத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிள்ளையைப் பார்க்க வந்தவன் கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, குளம் தானே? பெரிய கிணறு. நான் பிடிச்சுத் தாறன்" என்றான்.

"நீ குளத்தைக் கண்ணால கண்டிருக்கிறியா?" என்று மனைவி கேட்டாள்.

"கடலையே கண்டனான், குளம் என்ன?"

ஆனால் சல்லியில் யாருக்கும் தெரியக்கூடாது என்றான். "தெரிஞ்சா வள்ளத்தில கூட வர மாட்டானுகள், அத்தான். குளத்தான் எண்டு பேர் வைச்சிடுவானுகள்." தூண்டில் நூலைப் பேப்பரில் சுற்றி, அதன்மேல் ஒரு சாரத்தைச் சுற்றி, களவுச் சாமான் கொண்டு வருகிறவனைப் போலத்தான் சனிக்கிழமை காலை எங்கள் படலைக்கு வந்தான்.

இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் கச்சேரியில் அரசாங்க வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற வெளிர் சாம்பல் நிற நீளக் காற்சட்டையையும் வெள்ளைச் சட்டையையும் போட்டுக்கொண்டேன். காவலரணில் சாரம் கட்டியவனை ஒரு விதமாகவும் காற்சட்டைக்காரனை இன்னொரு விதமாகவும் பார்ப்பார்கள். அன்றும் அப்படித்தான் நடந்தது. என் அட்டையைப் பார்த்துவிட்டு விட்டார்கள். அவனுடைய சாரப் பொதியை மட்டும் அவிழ்த்துப் பார்த்தார்கள்.

குளம் காட்டோரத்தில் இருந்தது. கச்சான் காற்று வீசுகிற வறட்சிக் காலம் முழுக்க வற்றி, நடுவில் சுருங்கிக் கிடந்த தண்ணீர் இப்போதுதான் பெருகத் தொடங்கியிருந்தது. பால் கூடிய தேத்தண்ணீரின் நிறம். குளக்கட்டின் தொலைவான முனையில், நிரம்பினால் தண்ணீர் வழிந்து வான் பாய்கிற இடத்துக்கு மேலே, மண்மூட்டை அடுக்கிய ஒரு காவலரண். நாங்கள் இந்த முனையில் சைக்கிள்களைச் சாய்த்தோம்.

சித்தி மகன் முதலில் தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினான். "உப்பில்லாத தண்ணியில என்னத்தைத் திண்டு உயிரோட கிடக்குதுகள்?" என்றான். பிறகு காற்றைப் பார்த்தான். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று ஒரு குச்சியை எறிந்து பார்த்தான். குச்சி எறிந்த இடத்திலேயே கிடந்தது. அவனுக்கு முகம் சரியில்லை. ஆழம் எங்கேயோ அங்கேதான் பெரிய மீன் கிடக்கும் என்று தீர்மானித்து, தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக்குப் பக்கத்தில் இறங்கினோம். கடலுக்குப் போடுகிற ஈயக்கட்டி, கடலுக்குப் போடுகிற தூண்டில், இரையாகச் சாளை மீன் துண்டு. ஈயம் சேற்றுக்குள் புதைந்துவிடும். இழுத்தால் கறுத்த சேறும் இலையும் வரும்.

வெயில் ஏறியது. சட்டையைக் கழற்றிச் சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டுவிட்டு பெனியனோடு இருந்தேன். ஒரு ஆமை வந்து சாளையைத் தின்றது. "உங்கட பிள்ளைக்கு ஆமை சரிவராதோ அத்தான்?" என்றான் அவன். எதிர்ப்பக்கத்தில், மழைத் தண்ணீர் காட்டிலிருந்து குளத்துக்குள் வந்து சேர்கிற அலைகரையில், புது வெள்ளம் புல்லுக்குமேல் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அங்கே எதுவோ சளக் சளக்கென்று அடித்தது. கொக்குகள் எல்லாம் அங்கேதான் நின்றன. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். முழங்கால் தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தோம்.

அப்போது விசில் கேட்டது.

விசில் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். நிற்க வேண்டும். சைக்கிளில் இருந்தால் இறங்க வேண்டும். அடையாள அட்டையை எடுத்துத் தெரியப் பிடிக்க வேண்டும். நான் எழுந்து நின்றேன். கை தானாக நெஞ்சுக்குப் போனது. பெனியன். அட்டை சட்டைப் பையில், சட்டை சைக்கிளில். காவலரணிலிருந்து ஒரு ஆமிக்காரன் துவக்கைத் தோளில் மாட்டியபடி கட்டின்மேல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். வாயில் விரல் வைத்து இன்னொருமுறை ஊதினான். கையை வீசினான். சைக்கிளுக்கு நடந்தால் ஓடுகிறேன் என்று நினைப்பான். நடக்காவிட்டால் அட்டை இல்லாதவன். இரண்டு கையையும் உயர்த்தினேன். ஒரு கையில் தூண்டில் நூல் இன்னும் இருந்தது. கட்டின் சரிவில் குந்திவிட்டேன். "சேர், பிள்ளைக்கு வருத்தம் சேர், பிள்ளைக்கு வருத்தம்" என்று தமிழில் கத்தினேன். அரசாங்க உத்தியோகத்துக்காகச் சிங்களப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவன் நான். கந்தோரில் மற்றவர்களுடைய கடிதங்களைக்கூட மொழிபெயர்த்துக் கொடுப்பேன். அன்று ஒரு சொல் வாயில் வரவில்லை.

தொடையில் சூடாக ஏதோ இறங்கியது. குனிந்து பார்த்தேன். வெளிர் சாம்பல் நிறக் காற்சட்டை முன்பக்கம் முழுக்கக் கறுத்துக்கொண்டு வந்தது.

எனக்கு வயது நாற்பதுக்குக் கிட்ட. கச்சேரியில் எனக்குக் கீழே ஆட்கள் வேலை செய்தார்கள்.

ஆமிக்காரன் கட்டில் நின்றபடி அலைகரைப் பக்கம் கையைக் காட்டிக் காட்டிச் சத்தம் போட்டான். ஒவ்வொரு வருடமும் சீசனுக்குச் சல்லிப் பக்கம் வந்து கரையில் வாடிக் குடிசை போடுகிற சிங்கள மீனவர்களோடு பழகியவன் சித்தி மகன். அவன்தான் பதில் சொன்னான். இரண்டு மூன்று பேச்சுப் போனது. பிறகு அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"அத்தான், கையைக் கீழ விடுங்கோ. இதில மீன் இல்லையாம். விடியத்தொட்டுப் பாத்துக்கொண்டு நிண்டவனாம், பொறுக்க ஏலாமல் வந்தவனாம். இவன் குளம் இருக்கிற ஊர்க்காரன்."

அந்தப் பையன், இருபத்திரண்டு வயதுகூட இராது, மோசமாக விளையாடுகிற அணியைப் பார்த்துக்கொண்டிருந்தவனைப் போல எரிச்சலும் சிரிப்புமாக இருந்தான். இப்போது அவன் பேசியது எனக்கும் விளங்கத் தொடங்கியது. முதல் மழைத் தண்ணீர் அடியைக் கலக்கிவிட்டால் ஆழத்தில் கிடக்கிற மீன் வாய் திறக்காதாம். புதுத் தண்ணீர் வருகிற பக்கம், புல் முங்குகிற இடத்துக்கு விரால் ஏறிவிடுமாம். அங்கே தவளை இருக்கிறதாம். ஈயத்தைக் கழற்று, தவளையைக் குத்து, புல்லோரமாக இழு. இவ்வளவுதான் அவன் சொன்னது. சொல்லும்போது ஒருமுறை என்னைப் பார்த்தான். சிரித்தான். எதற்குச் சிரித்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அலைகரைக்குக் கட்டுவழியாகச் சுற்றிப் போகக் காய்ந்த நல்ல பாதை இருந்தது. சித்தி மகன் என் கையைப் பிடித்தான். "வாங்கோ, குறுக்கால இறங்கி நடப்பம்" என்றான்.

"பாதை இருக்குதே. உடுப்பெல்லாம் நனையும்" என்றேன். புத்தி அப்படி இருந்தது.

"நனையட்டும்" என்று சொல்லி என்னைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு இறங்கினான். இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. பாதித் தூரத்தில்தான் எனக்கு விளங்கியது. அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்குமேல் அவன் அதைப் பற்றி இதுவரை எதுவும் சொன்னதில்லை.

அலைகரையில் தவளை பிடிக்க நேரமாகவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு அவன் தூண்டிலில் இரண்டு விரால் ஏறின. ஒன்று கை நீளம். நான் ஒன்றும் பிடிக்கவில்லை. தண்ணீரில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். திரும்பும்போது சின்னதை அவன் காவலரணில் கொடுத்தான். பையன் இரண்டு கையாலும் வாங்கினான்.

வீட்டில் மனைவி முதலில் மீனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அத்தான் தண்ணிக்குள்ள இறங்கிட்டார், அக்கா. நான் சொல்லச் சொல்லக் கேக்காமல் இறங்கிட்டார்" என்றான் அவன். கட்டிலில் கிடந்த மகள் தலையை உயர்த்தினாள். ஆமிக்காரன் இடம் காட்டியதையும் சொன்னோம்.

"அவனுக்கு மீன் குடுத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம், ஒண்டு குடுத்தது."

"அப்ப சரி."

உடுப்பை மாற்றிக்கொண்டு, கழற்றிய காற்சட்டையைக் கிணற்றடியில் போட்டேன். தோய்க்கப் போன மனைவி அதை விரித்துப் பார்த்தாள். பிறகு சவர்க்காரம் போட்டுத் தோய்த்தாள், இன்னொருமுறை தோய்த்தாள். குளத்துத் தண்ணீரின் மணம் எது, மற்றது எது என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? ஒழுங்கைக்குத் தெரிகிற கொடியில் போடவில்லை. குசினிக்குப் பின்னால் போட்டாள்.

அன்று மகள் சாப்பிட்டாள். மிளகு போட்டு வைத்த குழம்பு. நடுத்துண்டுகளை முள் எடுத்து ஊட்டினாள் மனைவி. இன்னும் கொஞ்சம் என்று கேட்டாள் பிள்ளை. அந்த வாரங்களில் அவள் வாயால் கேட்ட முதல் சோறு அதுதான். சல்லியில் மீனின் தலை அதைப் பிடித்தவனுக்குத்தான் போகும். சோற்றுக் கோப்பையோடு கதிரையில் உட்கார்ந்திருந்த மாமனை விட்டுவிட்டு, "அப்பாவுக்குத் தலை, அப்பாதானே தண்ணிக்குள்ள பாய்ஞ்சவர்" என்றாள் மகள்.

"ஓம் ஓம், அவருக்குத்தான்" என்றான் அவன்.

மனைவி தலையை என் கோப்பையில் போட்டாள். நான் தின்றேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை; சரியான பசி. அந்தப் பசியையும் சேர்த்துத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காயம் ஆறியது. விராலால்தான் என்கிறாள் மனைவி. அந்த மாதம் முழுக்க சித்தி மகன் சாரப் பொதியோடு வந்துபோனான். நான் திரும்பக் குளத்துக்குப் போகவில்லை. மார்கழியில் ஒருநாள் பிள்ளை முற்றத்தில் ஓடினாள். நான் கந்தோர் போகாமல் நின்று பார்த்தேன்.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பஸ் ஏறினாளா, இறங்கினாளா என்று நான் அடிக்கடி போன் எடுப்பது அவளுக்குக் கரைச்சல். எங்கேயாவது விளையாட்டுப்போட்டியில் விசில் ஊதினால் என் கை இன்னும் சட்டைப் பைக்குத்தான் போகிறது. சிநேகிதிகள் வந்தால் அப்பா குளத்தில் பாய்ந்த கதையைச் சொல்வாள். மாமன் இருந்தால் தண்ணீரின் ஆழத்தைக் கூட்டிச் சொல்வான். சென்ற முறை கழுத்தளவு. மனைவி அந்த நேரம் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

போன கிழமை லீவில் வந்தவள், "அப்பா, நாளைக்குக் குளத்துக்குப் போவம். நீங்கள் பாய்ஞ்ச இடத்தைக் காட்டுங்கோ" என்றாள். ஐப்பசி மழை பெய்து விட்டிருந்தது.

"இப்ப ஏலாது. தண்ணி கலங்கிக் கிடக்கும். தெளியட்டும், பாப்பம்."

"கலங்கினாத்தானே அப்பா விரால் அலைகரைக்கு ஏறும்? நீங்கள்தானே சொன்னனீங்கள்."

ஓம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். குசினிக்குள் மனைவி சட்டி கழுவும் சத்தம் நின்றது. சைக்கிளுக்குக் காற்று இல்லை என்றேன். காற்று அடித்து வைத்திருப்பதாக மகள் சொன்னாள்.