அமெரிக்க மாவும் அப்பாவின் பசையும்

ஈராக் போரைக் கண்டித்து எங்கள் கம்பெனிச் சுவரில் ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். வாளியிலிருந்து வந்த மாவுப் பசை வாசனையில் அப்பா நினைவுக்கு வந்தார்.

பனியன் கம்பெனித் தொழிலாளியான அவர் செங்கொடிச் சங்கத்துக்காரர். கம்யூனிசம் பரவாமல் தடுக்கத்தான் அமெரிக்கா நமக்கு மாவு அனுப்புகிறது என்று கூட்டங்களில் முழங்குவார். ஸ்டிரைக்கால் கூலி நின்றிருந்த மாதம், தேவாலயத்தில் இலவசமாகக் கொடுத்த அந்த மாவை அம்மா வாங்கி வந்தாள். போஸ்டருக்குப் பசை காய்ச்ச அப்பா அதைச் சட்டியில் கொட்டினார்.

"ஏனுங்க, புள்ளை காத்தாலிருந்து சாப்புடலீங்க," என்றாள் அம்மா.

அப்பா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். அவரே மாவைப் பிசைந்து கோணல்மாணலாக ரொட்டி சுட்டார்.

"ஊதிச் சாப்புடு கண்ணு."

யார் என்ன எண்ணத்தில் அனுப்பினார்களோ, ரொட்டி அவ்வளவு ருசி. பிறகு சட்டியைக் கழுவிய தண்ணீரைக் காய்ச்சினார். அந்தப் பசை ஒரே ஒரு போஸ்டருக்குத்தான் வந்தது. 'அமெரிக்காவே, வியட்நாமை விட்டு வெளியேறு' என்று எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஒட்டினார்.

இப்போது, போஸ்டர் ஒட்டுபவரை விரட்ட எங்கள் கம்பெனி வாட்ச்மேன் குச்சியோடு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் அமெரிக்காவுக்குப் போகும் பனியன் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அவரை விரட்டாதீங்கண்ணா," என்றேன். "பசைக்கு மாவு பத்துமான்னு கேளுங்க."