தாளு இல்லாத தரை: தஞ்சாவூருக்கு ஹாக்கி நடுவர் தேர்வெழுதப் போன ஞாயிறு

குடவாசலில் நான் ஏறிய பஸ்ஸின் நடத்துநர் விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. அன்று முதலில் கவனித்தது அதைத்தான். நிற்க ஒன்று, கிளம்ப இரண்டு. ஏன் ஊதினாய் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. என் பையிலும் இரண்டு விசில்கள் இருந்தன. அவற்றை வெளியே எடுக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

மாசி மாதம், அறுவடை முடிந்து வந்த ஞாயிறு அது. தஞ்சாவூரில் மாவட்ட அளவிலான ஹாக்கி நடுவர் தேர்வு. அதற்கு முன் இரண்டு வாரம் போனிலேயே மாலை வகுப்புகள் நடந்தன. மற்றவர்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். நான் ஒரு நாளும் மைக்கை ஆன் செய்யவில்லை.

நான் பத்தாவதோடு பள்ளியை விட்டவள். எங்கள் குத்தகை நிலத்தின் நடுவில் புறவழிச்சாலைக்கு அளவுக்கல் நட்டார்கள். அதன் பிறகு அப்பா தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைய, வயல் வேலை அம்மாவுக்கும் எனக்கும் வந்தது. ஆட்சி மாறியும் கல் அதே இடத்தில்தான் நிற்கிறது. பள்ளி போனதோடு பள்ளி அணியும் போனது. நடுவர் ஆவதற்கு மட்டும் பள்ளியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றில்லை. இந்தச் சான்றிதழ் கிடைத்தால் மைதானத்துக்குள் நிற்கலாம், இல்லையென்றால் வேலிக்கு வெளியேதான். அதனால்தான் போனேன்.

என் பழைய பள்ளி அணியும் அன்று அங்கே விளையாட வந்தது. எங்கள் தெரு அபிநயா அந்த அணியின் தடுப்பாட்டக்காரி. முந்தின நாளே, "வேன்ல ஒரு சீட்டு இருக்குடி, வா" என்று கூப்பிட்டாள். ஆடப்போகிற அணியின் வண்டியில் நடுவர் வரக்கூடாது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னேன். "இன்னும் பாஸே ஆவல, அதுக்குள்ள பெரிய அம்பயரு" என்று போனை வைத்துவிட்டாள்.

குடவாசலில் காலை 6.40க்குக் கும்பகோணம் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 7.30க்குக் கும்பகோணம், 7.45க்குத் தஞ்சாவூர் பஸ், டிக்கெட் 35 ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மொத்தம் அறுபது கிலோமீட்டர் இருக்கும். பத்து மணிக்குள் பெயர் பதிய வேண்டும், எட்டே முக்காலுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

பாபநாசத்துக்கு முன்னால் பஸ் நின்றது. சாலை மறியல். அங்கேயும் சாலைக்கு நிலம் எடுக்கும் பிரச்சினைதான். ஆண்களும் பெண்களுமாக நடுரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் பிடுங்கிப் போட்ட அளவுக்கல் ஒன்று. எங்கள் வயலில் இருக்கிற அதே கல், அதே மஞ்சள் பெயிண்ட். பஸ்ஸில் எல்லோரும் அவர்களைத் திட்டினார்கள். என்னால் திட்ட முடியவில்லை. ஒன்பது மணி வரை பார்த்துவிட்டு இறங்கி நடந்தேன்.

கூட்டத்தின் ஓரத்தில் இருந்த ஒரு அம்மா என்னை நிறுத்தினார். "எங்க பாப்பா தனியா?"

"பரீட்சைங்க, தஞ்சாவூர்ல."

"ஞாயித்துக்கெழம என்ன பரீட்சை?"

"ஹாக்கி அம்பயர் பரீட்சைங்க."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். "விசில் அடிக்கறதுக்கெல்லாம் பரீட்சையா? அந்த கலெக்டருக்கு இங்கேருந்தே ஒண்ணு அடி பாப்பா, கேக்குதான்னு பாப்பம்."

"சும்மா இருங்க. புள்ளைக்கு மொகமே வாடிக் கெடக்கு. டேய் செந்திலு, வண்டிய எடு. அந்தாண்ட பக்கம் நிக்கிற பஸ்ல ஏத்தி விட்டுட்டு வா."

எங்கள் வயலிலும் கல் இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் செந்தில் வண்டியைக் கிளப்பிவிட்டான். வண்டியில் இரண்டு கிலோமீட்டர், அந்தப் பக்கம் திரும்பி நின்ற பஸ்ஸில் 25 ரூபாய். மைதான வாசலில் நான் மூச்சு வாங்கி நின்றபோது மணி 9.52.

எழுத்துத் தேர்வு 10.15 முதல் 11 வரை. புத்தகத்தைப் படித்தவர்களுக்குக் கடினமில்லை. செய்முறைத் தேர்வு என்பது ஒரு நட்பு ஆட்டத்துக்கு நடுவராக நிற்பது. பட்டியலில் என் பெயருக்கு நேரே என் பழைய பள்ளியின் ஆட்டம் இருந்தது. தேர்வாளர் திருச்சியிலிருந்து வந்த ஒரு மேடம். அவரிடம் போய், "அது நான் படிச்ச ஸ்கூலுங்க" என்றேன். "இன்னிக்கு இது தேர்வுக்கான ஆட்டம்தானேம்மா, போய் ஊது" என்றார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மைதானம் கிடையாது. அறுவடை முடிந்த வயலில்தான் ஆடுவோம். அறுத்த நெல்லின் அடிக்கட்டையைத் தாள் என்போம். பந்து அதில் பட்டுத் தெறித்துக் காலில் விழுந்துகொண்டே இருக்கும். ஹாக்கியில் பந்து காலில் பட்டால் தப்பு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தப்பு சொன்னால் பொழுது போய்விடும். அதனால் காலில் பட்டவளே கையைத் தூக்கி "தாளு!" என்று கத்துவாள். கத்தினால் ஆட்டம் தொடரும். யாரும் பொய்யாகக் கத்துவதில்லை.

தஞ்சாவூர் மைதானம் உருளை போட்டுச் சமமாக்கிய செம்மண். நடுவர்கள் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம். முதல் கால்பகுதியில் எங்கள் பள்ளி என் பக்கத்துக் கோலைக் காத்தது. கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்துக்குள் எதிரணிப் பெண் அடித்த பந்து அபிநயாவின் காலில் பட்டு நின்றது. அவள் பழக்கத்தில் கையைத் தூக்கி, "தாளு!" என்றாள். நானும் பழக்கத்தில் விட்டுவிட்டேன். எதிரணி முழுவதும் என்னைப் பார்த்துக் கத்தியது. மேடம் குனிந்து எதையோ எழுதினார்.

இடைவேளை இரண்டு நிமிடம். மேடம் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு கையத் தூக்குச்சே, என்னம்மா அது?"

சொன்னேன். இரண்டு வாரத்தில் நான் அவ்வளவு நேரம் பேசியது அப்போதுதான்.

அவர் சிரிக்கவில்லை. "இந்தத் தரையில தாள் எங்க இருக்கு?"

"இல்லீங்க மேடம்."

"அப்ப இங்க யாரு அம்பயர்? நீயா, அவளா? இன்னொரு தடவ இப்படி விட்டா என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா."

இரண்டாம் கால்பகுதி முடிய ஒரு நிமிடம் இருந்தது. அதே வட்டம், அதே கால். அபிநயா மறுபடியும் கையைத் தூக்கினாள். இந்த முறை என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினாள். நான் ஊதினேன். இரண்டு கைகளையும் கோலை நோக்கி நீட்டினேன். பெனால்டி கார்னர். அதில் கோல் விழுந்தது.

"உனக்குத் தெரியாதாடி?" என்றாள் அபிநயா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

பின்பாதியில் பக்கம் மாறி எங்கள் பள்ளி என் பக்கத்துக் கோலை நோக்கி ஆடியது. ஒவ்வொரு முறை பந்து வட்டத்துக்குள் வரும்போதும் எதிரணியின் கால்களையே பார்த்தேன். ஒரு காலில் பட்டிருந்தாலும் ஊதியிருப்பேன். படவில்லை. 1-0 என்று முடிந்தது.

சாப்பாடு ஒரு மணிக்கு. அணிகளுக்குப் பந்தல், நடுவர்களுக்குத் தனியாக ஒரு அறை. என்னுடன் தேர்வு எழுதியவர்கள் ஒரே கல்லூரிக்காரர்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். சாம்பார் சாதத்தைச் சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டேன். பந்தலில் யாரோ பாட, யாரோ குச்சியால் பெஞ்சைத் தட்டினார்கள். அந்தத் தட்டு அபிநயாவுடையது என்று பார்க்காமலே தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பத்தாவது மதிப்பெண் சான்றிதழின் அசல் கேட்டார்கள், நகல் மட்டும் கொண்டுவந்த ஒருவரைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு புகைப்படம் வேண்டும். கறுப்பு பேண்ட், வெள்ளை டி-சர்ட். விசில் இரண்டு வைத்திருங்கள், ஒன்று எச்சில் அடைத்துக்கொள்ளும். கோல் எண்ணிக்கை எழுத பென்சில்தான் நல்லது, வியர்வையில் பேனா ஓடிவிடும். வழியில் மறியல் இருக்கும் என்று நினைத்தே ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். உங்கள் ஊரில் ஆடுகிற வழக்கங்கள் என்னென்ன என்று போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்த்தால்தான் எது விதி, எது நம் வழக்கம் என்று தெரிகிறது.

மூன்றரைக்கு முடிவு ஒட்டினார்கள். பதினோரு பேரில் ஆறு பேர் தேர்ச்சி. ஐந்தாவது பெயர் என்னுடையது. மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "நாலு மணி ஆட்டத்துக்கு ஒரு அம்பயர் வரல. நிக்கிறியா?" என்று கேட்டார். ஆறேகாலுக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதைப் பிடித்தால் வீடு சேர ஒன்பது மணி ஆகும்.

பதில் சொல்வதற்குள் அணியிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். "வேன் கெளம்புது. ஆட்டந்தான் முடிஞ்சிருச்சுல்ல, இப்ப வரலாம்ல? அபிதான் கேட்டுட்டு வரச் சொன்னா."

வாசலில் வேன் நின்றது. கடைசி ஜன்னலில் அபிநயா. இந்தப் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவளுக்குப் பக்கத்து சீட்டில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க போங்கடி" என்றேன்.

மேடத்திடம் தலையாட்டிவிட்டு மைதானத்துக்குள் போனேன். வலது பக்கக் கோலுக்குப் பின்னால் குனிந்து, வலை எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று ஒரு மூலையிலிருந்து இழுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.