பூஜை போட்ட பிக்கப் வண்டி

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். வரிசையாகச் சொல்லத் தெரியாது, பாதி மறந்தும் போய்விட்டது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். காகிதம் திருப்பிப் பேசாது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நேற்று எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி நின்றது. கீழ்வீட்டுக்காரர்கள் வீடு மாற்றுகிறார்களாம். சாமான் ஏற்றுகிற தொட்டியில் டிரைவர் மல்லிகைப்பூ செண்ட் அடித்திருந்தான். அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. ஜன்னலைச் சாத்தினேன், போகவில்லை. மத்தியானம் சோறு இறங்கவில்லை. சும்மா நாறினால் மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம். பூவாசனை போட்டு மூடின நாற்றத்தை என்ன செய்வது, சொல்லுங்கள்.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், எங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் அண்டாவும் குண்டானும் எங்களிடமிருந்துதான் போகும். பாத்திரங்களோடு நானும் ரோசம்மாவும் போவோம். ரோசம்மா சாந்தோம் பக்கத்துக் குப்பத்துக்காரி, எங்களிடம் பாத்திரம் தேய்க்கிறவள். பந்தி முடிந்ததும் எல்லாவற்றையும் தேய்த்துத் திருப்பிக் கொண்டுவருவது எங்கள் இரண்டு பேர் வேலை. அடிப்பிடித்த பாயச அண்டாவுக்குள் இடுப்புவரை இறங்கித் தேய்த்திருக்கிறேன். அதனால் இன்றுவரை எனக்குப் பாயசம் ஆகாது. விருந்துக்குப் போனால் பாயசம் வருமுன்னே எழுந்துவிடுவேன், இலையை மடிக்கிற அவசரத்தில் இருக்கிறேன் என்று நினைப்பார்கள்.

பாத்திரமெல்லாம் மீன்பாடி வண்டியில்தான் போகும். மூன்று சக்கரம், முன்னால் பலகை, பின்னால் ஒரு ஆள் மிதிப்பார். மயிலாப்பூர், மந்தைவெளிக்கு அது போதும். அப்புறம் அடையாறு, திருவான்மியூர் என்று மண்டபங்கள் கிளம்பின. அண்டாக்களோடு அடையாறு பாலத்தில் ஏற அந்த ஆளுக்கு மூச்சு வாங்கும். ஆகவே என் வீட்டுக்காரரும் கொழுந்தன் பாபுவும் செகண்ட் ஹேண்டில் ஒரு பிக்கப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆம்பிளைகள் முன்னால் உட்காருவார்கள், நானும் ரோசம்மாவும் பின்னால் அண்டாக்களைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். இது கேட்காமலே முடிவாகிவிட்டது.

வண்டியோடு ஒரு புரோக்கர் வந்தான். வெள்ளை வேட்டி, வாய் நிறைய பான்பராக்கு. வந்ததும் முன்சக்கரத்தின் மேல் செக்கச்செவேல் என்று துப்பினான். வண்டிச்சாவியால் காதைக் குடைந்துகொண்டே பேசினான். பேசி முடித்து அந்தச் சாவியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தான். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் முந்தானையில் என் கையைத் துடைத்துக்கொண்டேன்.

வண்டி நாலு நாளாக ஷெட்டில் நின்றது, இப்போதுதான் எடுத்து நாலு தெரு தள்ளி ஓட்டிவந்தேன், ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பிவிட்டது என்றான். பானெட்டில் கைவைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. நாலு தெருவுக்கு அவ்வளவு சூடு ஏறுமா? ஆறின எஞ்சின் கிளம்பாது என்பது தெரியாமலிருக்க, காலையிலிருந்து ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறான். பாபு அதையெல்லாம் பார்க்கவில்லை. நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்து ஒன்பது வருகிறது என்று பூரித்துப்போயிருந்தான்.

ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம் என்று என் வீட்டுக்காரர் முன்னமே சொல்லியிருந்தார். அன்றைக்குத் திருவான்மியூரில் ஒரு கல்யாணம், அதற்கே ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஆனால் புரோக்கர் மஞ்சள் பையில் எலுமிச்சம்பழம், கற்பூரம், குங்குமம் எல்லாம் கொண்டுவந்திருந்தான்.

"ரோட்டுல எறங்கற வண்டி நைனா. ஒரு கற்பூரம் காட்டிட்டு எடுத்துக்கினு போ," என்றான்.

எங்களில் ஒரு பயம் உண்டு. பூஜை போட்டு வாசலில் நிறுத்தின வண்டியைத் திருப்பி அனுப்பினால் சாமியையே திருப்பி அனுப்பின மாதிரி. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். கற்பூரம் ஏற்றிவிட்டால் வண்டி தலையில் கட்டியாயிற்று. சாமியை வைத்துக்கூட இப்படி ஒரு அசிங்கமான வியாபாரம்.

பூஜைக்கு முன்னால் வண்டியைக் கழுவ வேண்டுமே. அது பொம்பளைகள் வேலை. தொட்டியில் புது ரப்பர் மேட் விரித்து ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தான். மேட்டைத் தூக்கினேன். அடியில் அழுகின கறிக்கழிவின் நாற்றம் முகத்தில் அடித்தது. ரோசம்மா மீன் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அவளே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் ஓரமாக வழியவில்லை, நடுவில் அப்படியே கீழே இறங்கிவிட்டது. தகரம் துருப்பிடித்து அரிசி ஜல்லடை மாதிரி இருந்தது. பக்கத் தகரத்தை விரலை மடக்கித் தட்டினேன். ஒட்டுப்போட்ட அண்டாவைத் தட்டினால் கேட்குமே, அந்தச் செத்த சத்தம். பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தான். பின்கதவுக்குக் கொக்கி கிடையாது, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருந்தது. நாங்கள் சாயவேண்டிய கதவு அது.

மெதுவாக என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். பார்த்துக்கலாம் என்று கையை ஆட்டினார்.

முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பாபு கண்ணாடியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். வண்டிக்குள் ஒருவரும் இல்லை. எங்கள் சந்து பார்க்கச் சமமாகத்தான் இருக்கும், ஆனால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் குளத்துப் பக்கமாகத்தான் ஓடும். அந்தப் பக்கமாக வண்டி நகர்ந்தது. இரண்டு பழத்தையும் நசுக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு வாசற்கல்லில் முட்டி நின்றது.

புரோக்கர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான்.

"பாத்தியா நைனா, அம்மாவே ஏறி ஒக்காந்து ஓட்டிட்டா."

என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவே கும்பிட்டது. ரோசம்மா என் பக்கம் சாய்ந்து, "அக்கா, ஹேண்ட் பிரேக்கு போட்டுக்கினுதான் எறங்கனான். நான் பாத்துக்கினே இருந்தேன்," என்றாள்.

கற்பூரம் காட்டி அண்டாக்களை ஏற்றினார்கள். ஏறுங்கள் என்றார்கள். ரோசம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு வீட்டில் மூன்று பெண்கள். நான் ஏறினால் அவளும் ஏறுவாள்.

அதுவரை நான் வெளி ஆம்பிளையிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. புரோக்கரைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அவர பின்னால ஏறி ஒக்காரச் சொல்லுங்க. பாலம் தாண்டற வரிக்கும். நாங்க அப்பால ஏறிக்கறோம்."

"இன்னாமே பேசற," என்றார் அவர். ஆனாலும் என்ன தோன்றியதோ, புரோக்கரிடம் திரும்பினார். "நீதான் ஏறேன்யா, இங்க கீற பாலம்தான."

புரோக்கர் வேட்டியைப் பார்த்துக்கொண்டான். இடுப்பு வலி என்றான். அப்புறம், "அது பொம்பளைங்க ஒக்கார்ற எடம் நைனா," என்றான்.

என் வீட்டுக்காரர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒவ்வொரு அண்டாவாகக் கீழே இறக்க ஆரம்பித்தார்.

"கற்பூரம் காட்டன வண்டிய தொரத்துறீங்க. நல்லா இருக்க மாட்டீங்க," என்று சொல்லி, எங்கள் வாசலிலேயே துப்பிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். அதை நான்தான் கழுவினேன். அன்றைக்கு மீன்பாடி வண்டி இரண்டு நடை போயிற்று. சாப்பாடு தாமதமாகி மண்டபத்தில் ஏச்சு வாங்கினோம். என் வீட்டுக்காரர் நீ சொன்னது சரி என்று கடைசிவரை சொல்லவில்லை. சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று பல வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்தார். பாபு மட்டும், "அண்ணி வாயத் தொறந்தா வண்டியே ரிவர்ஸ்ல போவுது," என்று கேலி செய்வான்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். சில மாதம் கழித்து நானும் ரோசம்மாவும் அடையாற்றிலிருந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். தரமணிப் பக்கம் திரும்புகிற சிக்னலில் பஸ் நின்றது. ஜன்னல் வழியாக அந்த நாற்றம் வந்தது. எட்டிப் பார்த்தேன். வேறு கலர் பெயிண்ட். ஆனால் பின்கதவில் அதே சைக்கிள் டியூப். தொட்டி நிறைய சித்தாள் பெண்கள், தலையெல்லாம் சிமெண்ட் தூசி, அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

ரோசம்மா பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டாள். "யக்கா, எறங்குங்க. அந்த வண்டிக்கு பிரேக்கு கெடையாது."

ஒருத்தி திரும்பிப் பார்த்து, "எறங்கி? உன் மடில வந்து குந்தட்டா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண் எங்களுக்குக் கையாட்டினாள். சிக்னல் விழுந்தது, வண்டி போய்விட்டது. நாங்கள் அதை எங்கள் வாசலிலிருந்து அனுப்பினோமே தவிர, ரோட்டில் அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இப்போது கடை இல்லை. சமையல் காண்டிராக்ட்காரர்களே பாத்திரம் கொண்டுவருகிறார்கள். அண்டாக்களை எடைக்குப் போட்டோம். என் வீட்டுக்காரர் இல்லை. ரோசம்மாவைக் குப்பத்தோடு காலி பண்ணி எங்கோ தூரமாகக் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேயே செத்துப்போனாள் என்று கேள்வி. அந்தச் சிக்னலில் நின்றால் எது எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரிவதில்லை.

வருஷம் தொண்ணூற்று நாலா, ஐந்தா என்பது சந்தேகம். அப்போது அங்கே சிக்னல் இருந்ததா, போலீஸ்காரர் கை காட்டினாரா என்பதும் சந்தேகம். அந்தச் சமயம் தரமணிப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவர்கள் யாராவது இருந்தால், இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தப்பைத் திருத்துங்கள். மற்றதெல்லாம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு அந்த வண்டி அந்தப் பெண்களோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா, அதை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.