அலுமாரியில் இருந்த பதினான்கு வெள்ளைச் சட்டைகள்

எங்கள் கோவிலில் முதல் நன்மை, அதாவது முதன்முதலாய் நற்கருணை அப்பம், வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் சட்டை தைப்பதில்லை. பீடத்தின் பின்னறை அலுமாரியில் பதினான்கு வெள்ளைச் சட்டைகள் இருந்தன. படகும் வலையும் சொந்தமாய் உள்ள சம்மாட்டி வீட்டுப் பிள்ளையும் கருவாடு காயப்போடுகிறவளின் பிள்ளையும் அவற்றைத்தான் போட்டார்கள். மறு ஞாயிறு தோய்த்து மடித்துத் திருப்பித் தந்தார்கள். அலுமாரி என் பொறுப்பு. ஒவ்வொன்றின் கழுத்துப் பட்டியிலும் சிவப்பு நூலால் இலக்கம் தைத்திருந்தேன். எந்த ஆண்டு எந்த இலக்கம் யாருக்கு, விளிம்பை எத்தனை விரல் இறக்கினேன், எல்லாம் என் கொப்பியில் உண்டு.

போன ஆண்டு, உயிர்ப்பு ஞாயிற்றுக்குப் பிந்திய மூன்றாம் ஞாயிறு, கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஊர்க்காரர்தான். மகளுக்கு இங்கே முதல் நன்மை கொடுக்க ஆசை. அலுமாரியைத் திறந்து காட்டினேன். தாய் மூக்கைச் சுளித்தாள்.

"என்ன அக்கா, ஆரோ போட்டுக் கழட்டினதையோ பிள்ளையளுக்குப் போடுறியள்? ஆண்டவர் எங்களுக்கு அள்ளித் தந்திருக்கிறார். எல்லாருக்கும் புதுசு நான் எடுத்துத் தாறன். இதுகளை எறியுங்கோ."

நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் இடுப்பில் செருகியிருந்த அலுமாரித் திறப்பை எடுத்துக் கொடுத்தேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வலையும் மினுக்கும் வைத்த சட்டைகள் வந்தன. கனடாப் பிள்ளையின் சட்டை அவளுக்குப் பின்னால் இரண்டு முழம் இழுபட்டது. பழைய பதினான்கும் படகு எஞ்சின் துடைக்கப் போயின. அடுத்த செவ்வாய் கரையில் ஒன்றைக் கண்டேன். ஒயில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. ஏழாம் இலக்கம் மட்டும் சிவப்பாய்த் தெரிந்தது.

இந்த ஆண்டுத் தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி, மலையகத்திலிருந்து வந்து எங்கள் கரை வாடியில் கூலிக்கு மீன் வெட்டும் பெண் என்னைத் தேடி வந்தாள்.

"அக்கா, பாப்பாவுக்கு அலுமாரிச் சட்டை ஒண்ணு எடுத்து வைங்க. கொஞ்சம் உயரமா இருப்பா."

"அலுமாரியில ஒண்டும் இல்லை."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள்.

மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டில் வாங்கிவிட்டார்கள். இவள் பிள்ளை மட்டும் நிறச் சட்டையோடு வரிசையில் நிற்க வேண்டும். போன ஆண்டுச் சட்டைகளைத் தேடி வீடு வீடாகப் போனேன். ஒரே தோய்ப்பில் மினுக்கு உதிர்ந்து வலை கிழிந்திருந்தது. ஒரு வீட்டில் அதை நுளம்புக்காக ஜன்னலில் கட்டியிருந்தார்கள். கடைசியில் கனடாவுக்குக் கோல் எடுத்தேன்.

"உங்கட மகளின்ர சட்டையை அனுப்புவியளோ?"

"ஐயோ அக்கா, அதைக் கொழும்பு ஹோட்டலிலயே விட்டிட்டு வந்தனாங்கள். சூட்கேஸ் நிறை கூடிப் போச்சு. இந்த முறை பிள்ளையளுக்குக் கிரீடம் அனுப்பட்டோ?"

ஒரு காலைப் பூசைக்குப் போட்ட சட்டை! அள்ளித் தந்தவர் ஆண்டவர் என்றால், அள்ளி எறியச் சொன்னது யார்? "வேண்டாம்" என்று போனை வைத்தேன்.

பாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் பின்னறையைக் காட்டினார். "பீடத்துக்கு வெள்ளைத் துணி ரெண்டு கிடக்குதெல்லே? ஒண்டை வெட்டுங்கோ."

வெட்டினேன். விளிம்பில் நாலு விரல் மடித்துவிட்டேன். அடுத்த பிள்ளை இன்னும் உயரமாய் இருக்கலாம். கழுத்துப் பட்டியில் ஒன்றாம் இலக்கம் தைத்தேன். சட்டையை வாங்கிய தாய் இலக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"திருப்பிக் குடுக்கணுங்களா, அக்கா?"

"ஓம். கட்டாயம்."

"அதான் கேட்டேன். மீன் வாடை படாம மடிச்சுக் கொண்டாறேன்."