தஞ்சாவூருக்கு ஒரு டிராக்டர் பேட்டரி

எண்பத்தாறாம் வருஷம் மே மாதம் இண்டூரிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போய்வந்தோம். போவதற்கு மட்டும் ஏறக்குறைய இருநூற்றெழுபது கிலோமீட்டர். பெரிய கோயிலைப் பற்றி ஏதாவது எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கோபுரத்தை ரோட்டிலிருந்து பார்த்ததோடு சரி. நாங்கள் போனது என் தங்கை லூர்துவுக்காக.

லூர்து கன்னியர் மடத்தில் சேர்ந்து ஒன்பது வருஷம். மாமன் மகனுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணத்தை உதறிவிட்டுப் போனவள். அன்றிலிருந்து அம்மா அவளோடு பேச்சில்லை. கடிதம் வந்தால் வாசி என்று சொல்லமாட்டாள். நான் வாசித்தால் எழுந்து போகவும் மாட்டாள். இப்போது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதற்கப்புறம் சாகும்வரை மடத்துப் பெண்தான். பூசையில் பெற்றவர்கள் பிள்ளையைக் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப்போவார்கள். அப்பா இல்லை. அம்மாவும் வராவிட்டால் லூர்து தனியாக நடக்க வேண்டும். “அம்மா வருவாங்களா?” என்று கடிதத்தில் ஒரே வரி எழுதியிருந்தாள்.

அம்மா இரண்டு நாள் யோசித்தாள். “பஸ்ஸு நாத்தம் எனக்கு ஆவாது. உன் காரு கெளம்புனா வரேன்” என்றாள். எங்கே கிளம்பப்போகிறது என்ற தைரியம்! வாத்தியார் சம்பளத்தில் மூன்றாம் கையாக வாங்கிய அம்பாசடர் அது. தருமபுரியைத் தாண்டினதில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நல்லம்பள்ளியிலிருந்து மெக்கானிக் மாதேசன் சைக்கிளில் வந்தார். தஞ்சாவூர் என்றதும் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தொப்பூர் கணவாய் எறக்கம் இருக்குதுங்களே சார்.”

இஞ்சினைத் தொடவேயில்லை. முதலில் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பிரேக்கைத்தான் பார்த்தார். லைனிங் மாற்றி, ஆயில் ஊற்றி, என்னை உள்ளே உட்காரவைத்து “மிதிங்க, விடுங்க, மிதிங்க” என்று அரைமணி நேரம் படுத்தினார். எனக்குக் கால் மரத்துப்போயிற்று. வியாழக்கிழமை ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் மாற்றி, ஸ்டெப்னிக்குப் பஞ்சர் ஒட்டினார். சாயந்திரம் தருமபுரி போய் டேங்க் நிரப்பிவந்தோம், லிட்டர் ஏழே முக்கால் ரூபாய். கடைசியில் பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்தார்.

“தண்ணி கொறவா இருக்குதுங்க. இதுக்குன்னு தனித் தண்ணி கடையில விக்கிது, காலையில கொண்டாந்து ஊத்திர்றேன். கெணத்துத் தண்ணிய ஊத்திப்புடாதீங்க, நம்மூருத் தண்ணி ஒரே உப்பு. சுத்தமான தண்ணியா இருக்கணும்.”

அம்மா வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி. மாதேசன் வருவதற்குள் சும்மா ஒருதரம் பார்க்கலாம் என்று சாவியைத் திருப்பினேன். ‘டிக்’ என்றது. மறுபடி திருப்பினேன். அதுவும் இல்லை. மாதேசன் வந்து பானெட்டைத் தூக்கினார். ஆறு ஓட்டையிலும் தண்ணீர் தளும்ப, ஆசிட் வழிந்து அடித்தட்டெல்லாம் பொங்கிக் கிடந்தது.

“யாரு சார் ஊத்துனது?”

“நாந்தான்” என்றாள் அம்மா. குளித்து, பட்டுச்சேலை கட்டி நின்றாள். “சுத்தமான தண்ணின்னு நீதானே சொன்ன. தீர்த்தம் ஊத்துனேன்.”

ஈஸ்டருக்குக் கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்த தீர்த்தம், ஒரு பாட்டில் முழுக்க! எங்கள் பங்குச் சாமியார் இன்னும் பழைய முறைக்காரர். கல்லுப்பைப் போட்டுத்தான் மந்திரிப்பார். மாதேசனிடம் இதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? சொன்னேன். மனுஷன் சிரிக்கவில்லை. “போச்சுங்க. புதுசு வாங்கி ஆசிட் ஊத்தி சார்ஜ் ஏத்த நாளைக்கு சாயந்திரம் ஆயிரும். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம், கணவாய்ல நின்னுபோனா என்ன பண்றது?” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய் நிற்கவில்லை. “போகக் கூடாதுன்னுதானே இதப் பண்ணுன? வரலேன்னா வரலேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!” என்று கத்திவிட்டேன். பெற்ற தாயிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அம்மா பின் கதவைத் திறந்து ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செத்துப்போன காரில்.

மாதேசன்தான் டிராக்டர் பேட்டரியும் பன்னிரண்டு வோல்ட்தானே என்றார். டிராக்டர் வைத்திருந்த மேற்குத் தோட்டத்து முனியப்பண்ணனிடம் ஓடினேன். கோடைமழை பெய்திருந்தது, அன்றைக்குத்தான் உழவு ஆரம்பித்திருந்தார். ஈரம் காய்ந்துவிட்டால் இன்னொரு மழைக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

“எப்ப வருவ?”

“ஞாயித்துக்கெழம வந்துருவேண்ணா.”

வானத்தை அண்ணாந்து பார்த்தார். “புள்ள விசேசங்கற. கழட்டிக்க, போ.”

அந்தப் பேட்டரி காரின் தட்டில் அடங்கவில்லை. அடியில் பலகை கொடுத்து, பழைய சைக்கிள் டியூபால் நாலு சுற்றுக் கட்டினார் மாதேசன். கட்டினவரே ஸ்டியரிங்கிலும் உட்கார்ந்துகொண்டார். “உங்கள நம்பி இத அனுப்ப முடியாதுங்க சார்” என்றார். நியாயம்தான்.

பத்தேமுக்காலுக்குக் கிளம்பினோம். பகல் பன்னிரண்டுக்குத் தொப்பூர் கணவாய். எங்களுக்கு முன்னால் லாரிகள் பிரேக் கருகும் நாற்றத்தோடு இறங்கின. மாதேசன் இரண்டாவது கியரைவிட்டு மாற்றவில்லை. “கியர்லதான் எறக்கணுங்க. பிரேக்கு ஆத்திர அவசரத்துக்கு” என்றார். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். சேலத்தில் சாப்பாடு. மூன்று மணிக்கு நாமக்கல். அதற்கப்புறம் காவிரி வலதுகைப் பக்கம், வெறும் மணலாக. நாலரைக்கு முசிறியில் டீ, ஐம்பது காசு. அங்கேதான் அம்மா வாயைத் திறந்தாள்.

“வண்டி நடுவழியில நின்னுட்டா அவ ஒத்தையில நடப்பாளேன்னுதாண்டா ஊத்துனேன்.”

“தெரியாமப் பேசிட்டேம்மா” என்றேன். “டீ ஆறுது, குடி” என்றாள்.

திருச்சியில் நெரிசல். இரவு ஏழரைக்குத் தஞ்சாவூர் சேர்ந்தோம். மடத்து வழக்கப்படி அன்று லூர்து தியானத்தில் இருந்தாள்; பார்க்க விடவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு மடத்துக் கோயில் மணி அடித்தது. வாசலில் வெள்ளை உடுப்பில் ஐந்து பெண்கள் நின்றார்கள். லூர்து அம்மாவைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள். பீடம்வரை முப்பதடி இருக்கும். இருவரும் மெதுவாகத்தான் நடந்தார்கள். கோயில் பக்கமே தலைவைக்காத மாதேசன் கடைசி வரிசையில் என் பக்கத்தில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்தார். நான் துடைக்கக்கூட இல்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

விருந்து முடிந்து மாலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். அப்போதுதான் லூர்து சொன்னாள்: “அம்மா, அடுத்த மாசம் என்னைய பீகாருக்கு அனுப்புறாங்க. அங்க பள்ளிக்கூடத்துல வேல. மூணு வருசம் ஊருக்கு வர முடியாது.”

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுக் காரில் ஏறினாள். நான் வேறு எங்கோ பார்த்தேன். இவ்வளவு பாடுபட்டு வந்தது ஒரு நாளைக்குத்தானா என்று இருந்தது. மாதேசன் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே உதையில் கிளம்பிற்று. லூர்து கேட்டருகில் நின்று கையாட்டினாள்.

தெருமுனை திரும்பும்வரை அம்மா பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னால் குனிந்து கேட்டாள்:

“மாதேசா, பீகாருக்கு ரோடு போவுதா?”

“போவுதுங்க ஆயா. ரொம்ப தூரமுங்க.”

“ரோடு இருக்குதில்ல? வண்டிய ரெடி பண்ணு.”