உள்பக்கம் பூசிய தார்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதுவரை யாரும் படகைத் தொட்டதில்லை. கடலைப் பார்த்தவர்களே கொஞ்சம் பேர்தான். அப்படிப்பட்ட இடத்தில், லயத்துக்குப் பின்னால் இருந்த கோழிக்கூட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் படகு கட்டத் தொடங்கியபோது முதலில் கேலி செய்தது நான்தான். "நமுனுகுல மலைக்கு மேல கப்பல் விடப் போறாரு" என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எதற்காகக் கட்டுகிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போன ஐப்பசி மழையில் எதிர்மலை சரிந்தது. விழுந்த மண் கீழே ஓடிய ஆற்றைக் குறுக்கே அடைத்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, தெய்வம் காப்பாற்றியது என்று எல்லோரும் கும்பிட்டார்கள். பாலம் போனது. எதிர்க்கரைக்குச் சுற்றிப்போகும் பாதையும் மண்ணுக்குள் போனது. அடைபட்ட தண்ணீர் பள்ளத்தில் தேங்கிக் குளமானது. வந்து பார்த்த அதிகாரிகள் தானாக வடிந்துவிடும் என்றார்கள். வடியவில்லை. ஒவ்வொரு மழைக்கும் ஏறிக்கொண்டே வந்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் மயானம். அங்கே தேயிலை முடிகிற சரிவில், எல்லோருக்கும் கீழே, எங்கள் மகள் இருந்தாள்.

அவளுக்குப் பேச்சு வந்து கொஞ்ச நாளில் காய்ச்சலில் போனாள். கல்லறை கட்ட வசதியில்லை. தலைமாட்டில் ஒரு சிவப்புக் குரோட்டன் செடியை நட்டுவிட்டு வந்தோம். அது ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. எங்கள் வாசலில் நின்றால் எதிர்க்கரைப் பச்சைக்குள் அந்தச் சிவப்பு தெரியும். அதை நோக்கித் தண்ணீர் வருவதும் தெரியும்.

"தண்ணி அவகிட்ட வர்றதுக்குள்ள போய்க் கூட்டிட்டு வந்துடுவோம்" என்றார் அவர் ஒரு நாள்.

"எதுல போவீங்க?"

"கட்டுறேன்."

புதைத்த பிள்ளையைத் தோண்டுவது பாவம் என்று லயத்தில் முணுமுணுத்தார்கள். தண்ணீருக்குள் விட்டுவிடுவது என்ன புண்ணியம் என்று நான் கேட்டேன்.

அவர் தேயிலை ஃபேக்டரியில் தச்சு வேலை செய்தவர். கதவு, மேசை, கட்டில் எல்லாம் செய்வார். படகைப் போனில்தான் பார்த்திருந்தார். காற்றில் விழுந்து கிடந்த சவுக்கு மரத்தை அறுத்துப் பலகை எடுத்தார். கடைசியில் அது மாட்டுத் தொட்டிக்கு மூக்கு வைத்தது போல வந்தது. பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. அதை அடைக்கத் தார் வாங்கினோம். அங்கேதான் கெட்டது.

எங்கள் கூரைத் தகரத்தின்மேல் ஆள் ஏறினால், ஆளும் தகரமும் சேர்ந்தே கீழே வரும். அவ்வளவு துருப்பிடித்தது. அதனால் ஒழுகினால் நாங்கள் மேலே ஏறுவதில்லை. கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, தாரில் நனைத்த சீலைத் துண்டை உள்ளேயிருந்தே ஓட்டையில் அப்புவோம். என் மாமனார் அப்படிச் செய்தார், என் அப்பா அப்படிச் செய்தார், லயத்தில் எல்லாரும் அப்படித்தான். ஓட்டை எந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்தப் பக்கம் அடைப்பது. படகுக்கும் அதையே செய்தோம். நான் பழைய சீலையைக் கிழித்துக் கொடுக்க, அவர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு இடுக்கிலும் அப்பினார். உள்பக்கம் முழுவதும் சோற்றுப்பானை அடி மாதிரிக் கறுத்து மினுங்கியது. வெளிப்பக்கத்தை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் தடவை இறக்கியபோது பாதிக் குளம் வரைக்கும் போனோம். பிறகு காலுக்குக் கீழே தார் அப்பளம் போல உப்பியது. உப்பிய இடமெல்லாம் உரிந்தது. நான் குண்டானால் இறைக்க இறைக்க, தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. எதிர்க்கரையில் சிவப்புச் செடி அடியிலிருந்து நுனிவரை தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தோம்.

மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போனோம். ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா, அவருக்குச் சொந்த ஊர் கிழக்குக் கடற்கரை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெளிய என்ன அடிச்சீங்க தம்பி?" என்றார்.

"வெளிய ஒன்னும் அடிக்கலைங்க நானா."

அவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. "தண்ணி வெளிய இருந்துதானே தள்ளுது. உள்ள ஒட்டினா அதையும் தள்ளிட்டு வந்திரும். கவுத்துப் போடுங்க. அடிப்பலகை நல்லாக் காயட்டும், அப்புறமா இடுக்குல பஞ்சு வச்சுத் தார் பூசுங்க. ஈரத்துல பூசினா மறுபடியும் உரியும்."

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர்மேல் இல்லை, அந்தக் கூரைமேல். பிறந்ததிலிருந்து தலைக்கு மேலேயே தண்ணீரை வாங்கிப் பழகியவர்களுக்கு, கீழேயிருந்தும் தண்ணீர் வரும் என்று எப்படித் தோன்றும்? இதை அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆண்கள் கவிழ்க்க வந்தார்கள். ஊறிய படகு கல்லாய்க் கனத்தது. யாரும் சொல்லாமலே பக்கத்துக்கு நாலு பேராக, உயரம் பார்த்து, சோடி சேர்ந்து நின்றார்கள். வண்டி போகாத எங்கள் பாதைகளில் பாடை தூக்கிப் பழகிய நிலை அது. "ஒரே மூச்சுல" என்று ஒருவர் சொல்ல, படகு நிமிர்ந்து நின்று, பிறகு மெதுவாகக் குப்புறப் படுத்தது. அடிப்பலகை முழுவதும் சேறும் பாசியும் ஒட்டி ஊறிக் கிடந்தது. வந்தவர்கள் சேற்றுக் கையைக் கழுவினார்கள், நான் கொடுத்த பாலில்லாத சாயத்தண்ணியைக் குடித்தார்கள், ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். "போயிட்டு வர்றேன்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்துதான் அப்படிச் சொல்லாமல் போவார்கள். இன்னும் ஒன்றும் முடியவில்லையே என்று கத்த வேண்டும்போல இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களெல்லாம் பலகையைக் காயவைப்பதிலேயே போயின. மேலே தார்ப்பாய் கட்டி, ஓரத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி மிலாறைப் போட்டு நெருப்பு மூட்டி, அவர் பாசியைச் சுரண்டினார். மூடுபனி இறங்கி, சுரண்டிய இடத்தை மறுபடி நனைத்தது. காலையில் எழுந்ததும் அவர் போய்ப் பலகையில் உள்ளங்கையை வைப்பார். நான் வாசலில் நின்று எதிர்க்கரையைப் பார்ப்பேன். பலகை கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

நான் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் தங்கள் குழந்தைகளை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். அந்த நாட்களில் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போதும் என் காது தகரத்தின்மேல்தான் இருந்தது, தூறல் விழுகிறதா என்று.

"காஞ்சது போதுங்க, பூசிருங்க" என்று கெஞ்சினேன்.

"காயல புள்ள. இன்னொருக்கா பாதில திரும்பி வர என்னால முடியாது."

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அவர் சொன்னதும் சரிதான். அந்தச் சரியால் என்ன பயன் என்றுதான் தெரியவில்லை.

நல்ல வெயில் அடித்த ஒரு நாள் பஞ்சை வைத்து அடித்து, வெளிப்பக்கம் தார் பூசி முடித்தார். அது இறுகிய அன்று பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் வாசலில் நின்று பார்த்தேன். எதிர்க்கரையில் பச்சை மட்டும் இருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார், பார்த்தார். பிறகு, "வா, போவோம்" என்றார்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அதே ஆட்கள் வந்து படகைத் திருப்பி, தூக்கிப்போய்த் தண்ணீரில் விட்டார்கள். மண்வெட்டியையும், புது வெள்ளைத் துணியையும், அவள் போர்த்திக்கொண்டு தூங்கிய துவாயையும் அவர் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். அவற்றை எடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனது வரவில்லை.

கலங்கிய தண்ணீர், பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் அசையாமல் கிடந்தது. பாதியைத் தாண்டினோம். மயானத்தின் மேல்வரிசைக் கல்லறைகள் கரையில் தெரிந்தன. அவற்றை வைத்து அவர் இடத்தைக் கணக்குப் பண்ணினார். துடுப்பை நிறுத்தி, ஆழம் பார்க்கக் கொண்டுவந்த மூங்கிலை மெதுவாக இறக்கினார். ஏதோ தட்டியதும் சட்டென்று இழுத்துக்கொண்டார், குத்திவிடக் கூடாது என்பதுபோல.

நான் குனிந்து கையை விட்டேன். தண்ணீர் ஐஸாக இருந்தது. முழங்கை போய், தோள் நனையும்வரை போனதும் விரலில் இலை பட்டது. தடித்த, வழவழப்பான குரோட்டன் இலை. அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். பறிக்கவில்லை. விடவும் முடியவில்லை.

அவர் படகின் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை பலகையாக, இடுக்கு இடுக்காக, மண்வெட்டியைத் தூக்கி அதன் கீழேயும் தடவினார். எங்கேயும் ஈரமில்லை. துவாயும் துணியும் வைத்தபடி காய்ந்தே இருந்தன.

"ஒழுகல புள்ள" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் அழுதார்.