ஏரிக்குள் நின்ற செயின் வண்டி

வண்டியைக் கண்ணால் பார்க்காமலே "சின்ன வேலைதான்" என்று போனில் சொல்லிவிடும் வியாதி எனக்கு உண்டு. டாக்டருக்கு இந்த வியாதி வந்தால் பெயர் கெடும். மெக்கானிக்குக்கு வந்தால் கூட்டம் சேரும். பெரம்பலூரில் கியர்பாக்ஸ் வேலைக்கு என்னைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லை நம்பி வந்தவர்கள்தாம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகள் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளட்டும்.

1. போன்

ஐப்பசி தொடங்குகிற சமயம். பாடாலூர்ப் பக்கத்து ஏரி ஒன்றிலிருந்து கலியபெருமாள் கூப்பிட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழைய செயின் டோசர். சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஊர்ந்து போகும், முன்னால் மண் தள்ளும் பிளேடு இருக்கும். காணி நிலம் கிடையாது. அந்த வண்டி ஓடினால்தான் வீடு ஓடும். ஏரிக்கு நடுவே வண்டல் தள்ளிக்கொண்டிருந்தபோது கியர்பாக்ஸுக்குள் ஏதோ உடைந்து வண்டி நின்றுவிட்டது.

"சார், இங்க ஒரு பெரிய பொக்லைன் நிக்குது. சாயங்காலம் வேற ஊருக்குக் கெளம்புதாம். போறதுக்குள்ள கரைக்கு இழுத்து வுடச் சொல்லவா?"

"இழுத்தா கியர்ல மிச்சம் இருக்குற பல்லும் போயிரும். அங்கயே நிக்கட்டும். சின்ன வேலைதான்."

சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் கொடுமை. இழுத்திருந்தால் இன்னும் சில பல் போயிருக்கும். வண்டி மிஞ்சியிருக்கும்.

2. சின்ன வேலை

மறுநாள் சீட்டைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்கி, கியர்பாக்ஸின் மேல் கவரைத் தூக்கினோம். ஆயிலுக்குள் பல் பல்லாகக் கிடந்தது. ஒரு மனிதரின் வாயில் அவ்வளவு உடைந்திருந்தால் போலீஸ் கேஸ் ஆகியிருக்கும். மெயின் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு நின்றது.

சோற்றுத் தூக்கோடு வந்த கலியபெருமாளின் மனைவி அமுதா எட்டிப் பார்த்தார்.

"இதுதான் சின்ன வேலைங்களா?"

நான் ஏற்கெனவே துடைத்த ஸ்பேனரை மறுபடியும் துடைத்தேன்.

அந்த மாடலுக்கு ஸ்பேர் வருவது எப்போதோ நின்றுபோயிருந்தது. திருச்சியில் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் ஓடுதா?" என்று கேட்டார். ஓடாததால்தானே வந்திருக்கிறேன். கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் துருவேறிக் கிடந்த அதே மாடல் வண்டி ஒன்றின் வயிற்றைத் திறந்து ஷாஃப்டையும் கியர்களையும் எடுத்தோம்.

அதற்குள் மழை சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொரு ஊராக விசாரித்துக்கொண்டு வந்தது. ஏரியின் தாழ்ந்த மூலையில் தண்ணீர் தேங்கிவிட்டது. இரண்டு டிராக்டரைக் கட்டி இழுத்துப் பார்த்தார் கலியபெருமாள். இரண்டும் முன்சக்கரத்தைத் தூக்கி வானத்தைப் பார்த்தன. டோசர் அசையவில்லை.

"தண்ணி இன்னும் நூறடி வந்தா செயின் நனையும் சார்."

"அதுக்குள்ள வண்டி தானா நடந்து கரையேறும்யா."

வியாதி என்று முதலிலேயே சொன்னேனே.

3. பத்தரை மணி

பாகங்களைக் கோத்து முடிக்கும் நேரம் வெள்ளிக்கிழமை காலையாக அமைந்தது. கிழக்கே அரியலூர்ப் பக்கம் வானம் கருத்திருந்தது. கலியபெருமாள் செயினுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பத்தரைக்கு ராகுகாலம் சார். அதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிரணும்."

"பன்னெண்டு மணிக்கு மேல பண்ணிக்கலாம்யா."

"அதுக்குள்ள மழ வந்துரும். வெளிய எடுத்துருங்க சார், கும்புடறேன்."

நான் நாலு புத்தகம் படித்தவன். ராகுகாலத்தில் பெண் பார்க்கப் போய், அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் கொள்கையை விடாதவன். ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபோது கொள்கை பேச நாக்கு எழவில்லை. கை வேகம் எடுத்தது. கவரைப் போட்டு, போல்ட்டுகளை முறுக்கி, டேங்கை ஏற்றி, பத்தரைக்குள் ஸ்டார்ட் செய்துவிட்டோம்.

கலியபெருமாள் ஃபர்ஸ்ட் கியரைப் போட்டார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி நகர்ந்தது. அமுதா கையெடுத்துக் கும்பிட்டார். வண்டிக்கா எனக்கா என்று இன்றுவரை தெரியாது. எனக்குத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கரைக்குத் திரும்ப, நிறுத்தி ரிவர்ஸ் போட்டார். கிளட்சை விட்டதும் டம்மென்று ஒரு சத்தம். பிறகு தவளைச் சத்தம் மட்டுந்தான்.

கவரைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. கியர் மாற்றும் ராடுகளுக்கு நடுவே சுண்டுவிரல் நுனியளவில் இன்டர்லாக் பின் என்று ஒன்று உண்டு. ஒரு ராடு நகர்ந்தால் இன்னொன்றை நகரவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழும். பாகங்களைக் கழுவும் டீசல் தட்டில், வேஸ்ட் துணிக்கு அடியில், சுத்தமாகக் கழுவிய நிலையில் அந்தப் பின் கிடந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கவரைத் திறந்தால் ஷாஃப்ட் போயிருந்தது. கியர்பாக்ஸின் வெளிக்கூட்டில் விரலளவு விரிசல்.

"என்ன சார் ஆச்சு?"

"பழைய சாமான்யா. தாங்கல."

மதியம் பிடித்த மழை அந்த வாரம் விடவில்லை. ஏரி நிரம்பியது. கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது சைலன்சர் குழாய் மட்டும் தெரிந்தது. அதன்மேல் ஒரு கொக்கு, தனக்காகவே நட்டு வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

4. பின்

கோடையில் தண்ணீர் வற்றியதும் கலியபெருமாள் வண்டியை எடைக்குப் போட்டார். இப்போது ஒரு கல் குவாரியில் இன்னொருவர் வண்டியை ஓட்டுகிறார்.

தம்பிகளுக்குப் பாடம் என்று எழுத வேண்டுமானால், கவரை மூடுமுன் தட்டைப் பார். தட்டில் ஏதாவது மிச்சமிருந்தால் எந்தக் காலமானாலும் மூடாதே. எனக்கு அந்தப் பாடம் பையில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய், பின்னை உள்ளங்கையில் வைத்து நீட்டி, நடந்ததைச் சொல்லிவிட்டேன். திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார், எப்படியும் எனக்குப் பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவர் அதை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் சார். நேரம் சரியில்லன்னு நெனச்சு நிம்மதியா தூங்கிக்கிட்டு இருந்தேன்."